அந்தப் பட்டப்பெயரை வைத்தவன் நான்தான்

சென்ற பள்ளி விடுமுறையில் உறவினர் திருமணம் ஒன்றுக்காகப் பினாங்கு சென்றிருந்தேன். விருந்து முடிந்து கை கழுவிவிட்டுத் திரும்பியபோது, இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் இளைஞர் எதிரே வந்து நின்றார். "சார், என்னைத் தெரியுதா?" என்று கேட்டார். எங்கோ பார்த்த முகம்தான். பெயர் மட்டும் நினைவுக்கு வரவில்லை. நான் தடுமாறுவதைப் பார்த்துவிட்டு அவரே சிரித்துக்கொண்டே சொன்னார்: "நான்தான் சார், தொங்காங்."

உடனே அடையாளம் தெரிந்துவிட்டது. அதுதான் எனக்கு வெட்கமாக இருந்தது. ஐந்து ஆண்டுகள் என் பள்ளியில் படித்த மாணவரின் பெயர் எனக்கு மறந்துவிட்டது, பட்டப்பெயர் மறக்கவில்லை. எனக்கு அதுதான் நினைவிருக்கும் என்று அவருக்கும் தெரிந்திருந்தது.

தொங்காங் என்றால் சரக்கு ஏற்றிச் செல்லும் பெரிய படகு. பேச்சுவாக்கில் அவரிடம், "யாருப்பா உனக்கு அந்தப் பேரை வச்சது?" என்று கேட்டேன். "நீங்கதான் சார்" என்றார்.

அவர் சொல்லச் சொல்லத்தான் எனக்கு நினைவு வந்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அவர் படிவம் ஒன்று மாணவர். நான் ஆசிரியர் டிப்ளோமா முடித்துப் பணிக்கு வந்து இரண்டாவது ஆண்டு. அன்றைய பாடம் அடர்த்தி. இரும்பு ஆணி தண்ணீரில் மூழ்குகிறது, இரும்புக் கப்பல் ஏன் மிதக்கிறது என்று விளக்கிக்கொண்டிருந்தேன். வகுப்பிலேயே பருமனாக இருந்த அந்தப் பையன் கையைத் தூக்கி, தான் தண்ணீரில் விழுந்தால் மிதப்பானா, மூழ்குவானா என்று கேட்டான். "உனக்கென்ன, தொங்காங் மாதிரி மிதப்பாய்" என்றேன். வகுப்பே சிரித்தது. அவனும் சிரித்தான். வகுப்பைக் கலகலப்பாக வைத்திருக்கிறேன் என்று எனக்குள் ஒரு பெருமை.

மலாய், சீன, இந்திய மாணவர்கள் எல்லாருக்கும் புரியும் சொல் அது. ஓய்வு நேரம் முடிவதற்குள் பக்கத்து வகுப்புக்குப் போய்விட்டது. ஐந்தாம் படிவம் முடியும்வரை அவன் தொங்காங்தான்.

இப்போது அவர் ஒரு தொழிற்சாலையில் தொழில்நுட்பராக இருக்கிறார். நல்ல வேலை. ஆண்டுதோறும் அவர் நிறுவனம் ஊழியர்களைக் குடும்பத்தோடு நீர் விளையாட்டுப் பூங்காவுக்கு அழைத்துச் செல்லுமாம். ஒவ்வோர் ஆண்டும் ஏதாவது காரணம் சொல்லி அவர் தவிர்த்துவிடுகிறார். "இதுவரைக்கும் யார் முன்னாடியும் சட்டையைக் கழட்டினதில்ல சார். நீச்சலும் கத்துக்கல." இதை அவர் புகாராகச் சொல்லவில்லை. வானிலையைப் பற்றிப் பேசுவதுபோல் சொன்னார். இதை எழுதலாமா என்று கேட்டேன். பெயர் வேண்டாம், எழுதுங்கள் என்றார்.

அந்த நாளிலிருந்து ஒரு கேள்வி என்னைக் குடைந்துகொண்டிருக்கிறது. பதின்மூன்று வயதில் கேட்ட ஒரு சொல் இருபத்தைந்து வயது மனிதரை எப்படிப் பிடித்து வைத்திருக்கிறது? இது அவர் ஒருவரின் மென்மையான மனம் சார்ந்த விஷயமா, அல்லது அறிவியல் இதற்கு ஏதாவது சொல்கிறதா?

எது கேலி, எது பகடிவதை?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். எல்லாக் கேலியும் கெட்டதன்று. மாமன் மச்சான் கேலி இல்லாத தமிழ்க் குடும்பம் உண்டா? அந்தக் கேலியில் ஒரு கணக்கு இருக்கிறது. இன்று மச்சான் என்னைக் கேலி செய்தால் நாளை நான் அவரைக் கேலி செய்வேன். இருவரும் ஒரே உயரத்தில் நிற்கிறோம். ஒருவர் முகம் சுருங்கினால் மற்றவர் நிறுத்திக்கொள்வார்.

பகடிவதை பற்றிய முறையான ஆய்வைத் தொடங்கிவைத்தவர் டான் ஓல்வியஸ் என்ற உளவியலாளர். 1970களில் ஸ்கண்டிநேவியப் பள்ளிகளில் ஆய்வு செய்த அவர் மூன்று அடையாளங்களைச் சொன்னார். புண்படுத்தும் நோக்கம் இருக்கும். அது மீண்டும் மீண்டும் நடக்கும். இருவருக்கும் இடையே பலம் சமமாக இருக்காது. 1982ஆம் ஆண்டு இறுதியில் நார்வேயில் மூன்று சிறுவர்கள் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டனர். சக மாணவர்களின் கொடுமையே காரணமாக இருக்கக்கூடும் என்ற அதிர்ச்சியில், 1983இல் அந்நாட்டு அரசு பள்ளிகளில் நாடு தழுவிய இயக்கத்தைத் தொடங்கியது. ஓல்வியஸ் உருவாக்கிய தடுப்புத் திட்டத்தின் தொடக்கமும் அதுதான்.

என் சொல்லை இந்த மூன்று அடையாளங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். புண்படுத்தும் நோக்கம் எனக்கு இல்லை. நான் சொன்னது ஒரே ஒருமுறை. ஆனால் பலம்? வகுப்பறையில் ஆசிரியருக்கு மாணவன் திருப்பிக் கேலி செய்ய முடியுமா? நான் ஒருமுறை சொன்னதை மற்றவர்கள் ஐந்தாண்டுகள் சொல்வதற்கு என் சொல்லே அனுமதிச்சீட்டாகிவிட்டது. "சாரே சொன்னாரு" என்பதைவிட ஒரு பிள்ளைக்கு வேறென்ன அனுமதி வேண்டும்?

நோக்கம் நல்லது என்பதால் விளைவும் நல்லதாகிவிடாது என்பதையும் ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஜஸ்டின் குரூகர் என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும் 2006இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரே கேலியைச் செய்தவர் ஒரு விதமாகவும் கேட்டவர் இன்னொரு விதமாகவும் நினைவு வைத்திருந்தனர். செய்தவருக்கு அது வேடிக்கை, பாசத்தின் அடையாளம். கேட்டவருக்கு அது அத்தனை வேடிக்கையாகப் படவில்லை. காரணம் எளியது. செய்தவருக்குத் தன் மனத்தில் இருந்த நல்ல எண்ணம் தெரியும். கேட்டவரின் காதுக்கு எட்டுவது சொல் மட்டும்தான்.

அவனும் சிரித்தானே என்று கேட்கலாம். நானும் அதைத்தான் சமாதானமாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். முப்பது பேர் சிரிக்கும்போது ஒரு பதின்மூன்று வயதுப் பையனுக்கு இருக்கும் வழிகள் எத்தனை? அழுதால் இன்னும் சிரிப்பார்கள். கோபப்பட்டால் "ஒரு ஜோக்கைக்கூடத் தாங்க மாட்டியா?" என்பார்கள். சேர்ந்து சிரிப்பதுதான் அவனுக்குக் குறைந்த சேதம் தரும் வழி.

ஐம்பது வயதுவரை நீளும் நிழல்

"அந்தக் காலத்தில் நாங்களும் பட்டப்பெயரோடுதான் வளர்ந்தோம். எங்களுக்கு என்ன ஆகிவிட்டது? இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத்தான் எதற்கெடுத்தாலும் மனம் வாடுகிறது." பெற்றோர் கூட்டங்களில் நான் அடிக்கடி கேட்கும் வாதம் இது. இதற்கு அந்தக் காலத்துப் பிள்ளைகளே பதில் சொல்லியிருக்கிறார்கள்.

1958ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், ஒரே வாரத்தில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் ஆகிய பகுதிகளில் பிறந்த குழந்தைகளை ஆய்வாளர்கள் இன்றுவரை பின்தொடர்ந்து வருகிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு 7 வயதிலும் 11 வயதிலும், மற்றப் பிள்ளைகள் அவர்களைத் துன்புறுத்துகிறார்களா என்று பெற்றோரிடம் கேட்டுப் பதிவு செய்தார்கள். லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 7,771 பேரின் பதிவுகளை எடுத்து, அவர்களது 50 வயதுவரையிலான வாழ்க்கையோடு ஒப்பிட்டு 2014இல் முடிவை வெளியிட்டனர்.

அந்தப் பிள்ளைகளில் 28 விழுக்காட்டினர் எப்போதாவது பகடிவதைக்கு ஆளானவர்கள். 15 விழுக்காட்டினர் அடிக்கடி ஆளானவர்கள். அடிக்கடி ஆளானவர்களுக்கு 45 வயதில் மனச்சோர்வு ஏற்படும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது. பதற்ற நோய்களும் தற்கொலை எண்ணமும் அவர்களிடம் கூடுதலாகக் காணப்பட்டன. 50 வயதில் அவர்களுக்கு வாழ்க்கைத் துணையும், நெருக்கடியில் கைகொடுக்கும் நண்பர்களும் அமைந்திருக்கும் வாய்ப்பு குறைவாக இருந்தது. குடும்பத்தின் வருமான நிலை, பிள்ளையின் அறிவுத்திறன், சிறுவயதிலேயே இருந்த மனப் பிரச்சினைகள் போன்றவற்றைக் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் இந்தத் தொடர்பு மறையவில்லை.

அந்தப் பிள்ளைகள் ஏழு வயதை எட்டியது 1965இல். கைப்பேசி இல்லை, இணையம் இல்லை, புலனக் குழு இல்லை. நாம் ஏக்கத்தோடு பேசும் அதே "அந்தக் காலம்"தான். எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பெற்றோர் கூட்டத்தில் எழுந்து பேசுகிறவர் உண்மையிலேயே ஒன்றும் ஆகாதவராக இருக்கலாம். ஏதோ ஆகிவிட்டவர்கள் எழுந்து பேசுவதில்லை.

உடலுக்குள் என்ன நடக்கிறது?

அவமானம் மனத்துக்குள் மட்டும் நடக்கும் நிகழ்ச்சி இல்லை. ஆபத்து என்று மூளை உணர்ந்தவுடன் ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரி சுரப்பி, சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பி என்று ஒரு சங்கிலி இயங்குகிறது. அதன் முடிவில் கார்ட்டிசோல் என்ற ஹார்மோன் இரத்தத்தில் கலக்கிறது. எதிரில் பாம்பு வந்தால் இது நம்மைக் காப்பாற்றும். பாம்பு போனதும் அளவு இறங்கிவிடும். ஆனால் ஒவ்வொரு நாளும் காலை ஏழரை மணிக்குப் பள்ளி வாசலில் அதே பெயர் காத்திருக்கிறது என்றால், இந்த எச்சரிக்கை மணிக்கு ஓய்வே கிடைப்பதில்லை.

பதின்ம வயது இதில் கூடுதல் சிக்கல். உணர்ச்சிகளைத் தூண்டும் பகுதிகள் அந்த வயதில் சுறுசுறுப்பாக இருக்கும். அவற்றை நிதானப்படுத்தும் முன்மூளைப் பகுதியோ இருபது வயதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டே இருக்கும். நண்பர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பது வாழ்நாளிலேயே பெரிதாகத் தெரியும் பருவமும் அதுதான்.

2003ஆம் ஆண்டு நவோமி ஐசன்பர்கர் குழுவினர் செய்த சோதனை ஒன்று புகழ்பெற்றது. ஸ்கேன் கருவிக்குள் படுத்திருப்பவர் கணினியில் இருவரோடு பந்து எறிந்து விளையாடுவார். சற்று நேரத்தில் அந்த இருவரும் இவரை விட்டுவிட்டுத் தங்களுக்குள்ளேயே பந்தை எறிந்துகொள்வார்கள். அப்போது அவர் மூளையில், உடல் வலியின் வேதனையோடு தொடர்புடைய பகுதி ஒன்று தூண்டப்பட்டது. அந்தப் பகுதி வேறு பல வேலைகளையும் செய்வதால், இதன் பொருள் என்ன என்று அறிவியலாளர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். ஆனால் முகம் தெரியாத இருவர் பந்து போடாததற்கே மூளை இப்படிக் கவனம் கொள்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள்.

அமெரிக்காவின் வட கரோலினாவில் 1,420 பிள்ளைகளைச் சிறுவயதிலிருந்து பின்தொடர்ந்த ஆய்வு இன்னொரு தடயத்தைத் தந்தது. உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் சி-ரியாக்டிவ் புரதத்தை அவர்களின் இரத்தத்தில் அளந்து பார்த்தார்கள். வயது ஏற ஏற இந்த அளவு எல்லாருக்கும் கூடியது. பகடிவதைக்கு ஆளானவர்களுக்கு அது மற்றவர்களைவிட அதிகமாகக் கூடியிருந்தது என்று 2014இல் வெளியான முடிவு கூறுகிறது. இதே பிள்ளைகளைப் பற்றிய முந்தைய ஆய்வில் வேறொன்றும் தெரிந்தது. தானும் துன்பப்பட்டு, பிறரையும் துன்புறுத்தியவர்களே பெரியவர்களானபின் மனநலத்தில் மிகுதியாகப் பாதிக்கப்பட்டிருந்தனர். பள்ளியில் "ரௌடி" என்று நாம் முத்திரை குத்தும் பையனை இதை மனத்தில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும்.

அறிவியல் ஆசிரியர் என்ற முறையில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இவை எல்லாம் சராசரிக் கணக்குகள். கேலிக்கு ஆளான ஒவ்வொரு பிள்ளைக்கும் மனநோய் வரும் என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை. பெரும்பாலோர் மீண்டு வருகிறார்கள். ஒரு தொடர்பு இருப்பதாலேயே அதுதான் ஒரே காரணம் என்றும் ஆகிவிடாது. புகைக்கும் எல்லாருக்கும் புற்றுநோய் வருவதில்லை. அதற்காகப் பிள்ளைகள் கையில் சிகரெட்டைக் கொடுக்கிறோமா?

கேலி தொடங்கும் இடம்

பகடிவதை என்றதும் நாம் பள்ளிக் கழிப்பறையையும் விடுதியையும் நினைக்கிறோம். கட்டொழுங்கு ஆசிரியரை நினைக்கிறோம். 2025இல் நம் நாட்டின் குற்றவியல் சட்டத்திலும் திருத்தம் வந்தது. மிரட்டும், இழிவுபடுத்தும் சொற்களால் பிறருக்கு மனத்துன்பம் விளைவிப்பது இப்போது தண்டனைக்குரிய குற்றம். இது தேவையான சட்டம். ஆனால் எந்தச் சட்டமும் நுழையாத ஓர் இடம் இருக்கிறது. அதுதான் நம் வீட்டுக் கூடம்.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் 4,746 பதின்ம வயதினரிடம், உடல் எடையை வைத்து உங்களை யார் கேலி செய்கிறார்கள் என்று கேட்டார்கள். பெண் பிள்ளைகளில் 30 விழுக்காட்டினர் சக மாணவர்களைச் சொன்னார்கள். வீட்டாரைச் சொன்னவர்கள் எத்தனை பேர் தெரியுமா? 28.7 விழுக்காடு. ஏறக்குறைய சமம். ஆண் பிள்ளைகளில் 24.7 விழுக்காட்டினரைச் சக மாணவர்களும், 16.1 விழுக்காட்டினரை வீட்டாரும் கேலி செய்தனர். இரு பக்கமும் கேலிக்கு ஆளான பிள்ளைகளிடம் தற்கொலை எண்ணம் உள்ளிட்ட மனத்துன்பங்கள் மிகுதியாக இருந்தன.

அந்த ஆய்வில் பங்கேற்றவர்களில் 1,830 பேரைப் பதினைந்து ஆண்டுகள் கழித்து மீண்டும் பார்த்தார்கள். 2017இல் வெளியான அந்த முடிவு, பிள்ளை மெலியட்டும் என்று கேலி செய்யும் பெற்றோர் படிக்க வேண்டியது. பதின்ம வயதில் எடையை வைத்துக் கேலி செய்யப்பட்டவர்களுக்கு, முப்பது வயதை ஒட்டி உடல் பருமன் இருக்கும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. பெண்களிடம் கவலை வந்தால் சாப்பிடுவது, கட்டுப்பாடின்றி உண்பது, தன் உடலையே வெறுப்பது ஆகியவையும் காணப்பட்டன. அக்கறையில்தானே சொல்கிறோம் என்ற நம் சமாதானத்துக்கு எண்கள் துணை வரவில்லை.

நம் வீடுகளில் எடையோடு நிறமும் சேர்ந்துகொள்கிறது. தீபாவளிக்கு வீட்டுக்கு வரும் சித்தப்பா, முறுக்குத் தட்டை நீட்டும் பிள்ளையிடம் என்ன சொல்கிறார்? "என்னம்மா, இன்னும் கறுத்துப் போயிட்டே?" "தம்பி நல்லா ஊதிட்டான் போல!" எல்லாரும் சிரிக்கிறோம். அம்மாவும் சிரிக்கிறார். சித்தப்பா பாசக்காரர்தான். பிள்ளை தட்டை வைத்துவிட்டு அறைக்குள் போகிறது. "கூச்ச சுபாவம்" என்று நாம் அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருக்கிறோம்.

தோலின் நிறத்தைப் பற்றி வகுப்பில் பாடம் நடத்தும்போது நான் சொல்வது இது. நிறமி உண்டாக்கும் செல்களின் எண்ணிக்கை உலகின் எல்லா மனிதருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அவை உருவாக்கும் மெலனினின் அளவும் வகையும்தான் வேறுபடுகின்றன. பூமத்திய ரேகைக்கு அருகில் வாழ்ந்த முன்னோர்களுக்குக் கடும் வெயிலின் புற ஊதாக் கதிர்களிலிருந்து அது குடை பிடித்தது. குடை வைத்திருப்பதற்காக ஒருவரைக் கேலி செய்வோமா? வகுப்பில் கறுத்த பிள்ளைகள் இதைக் கேட்கும்போது முதுகு நிமிர்ந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன்.

வீட்டைப் பற்றிக் குறை மட்டும் சொல்லக் கூடாது. கேலியின் விளைவைக் குறைக்கும் மருந்தும் அங்கேதான் இருக்கிறது. பிரிட்டனில் 1,116 குடும்பங்களின் இரட்டைப் பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வு 2010இல் வெளியானது. பள்ளியில் பகடிவதைக்கு ஆளானாலும், தாயின் அன்பும் உடன்பிறந்தோரின் நெருக்கமும் அமைதியான வீட்டுச் சூழலும் கிடைத்த பிள்ளைகள் மற்றவர்களைவிட நன்றாகத் தாக்குப்பிடித்தனர். அப்படியானால், வெளியில் பெயர் வாங்கி வரும் பிள்ளைக்கு வீட்டிலும் அதே பெயர் காத்திருந்தால் என்ன ஆகும் என்பதை நாமே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

நாம் என்ன செய்யலாம்?

மாணவர்களே, உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. கனடாவில் ஆய்வாளர்கள் பள்ளித் திடலில் நடப்பதைக் காணொளியாகப் பதிவு செய்து ஆராய்ந்தார்கள். 2001இல் வெளியான முடிவின்படி, பத்தில் கிட்டத்தட்ட ஒன்பது பகடிவதைச் சம்பவங்களைச் சுற்றி மற்ற மாணவர்கள் நின்றுகொண்டிருந்தனர். அவர்கள் குறுக்கிட்டது 19 விழுக்காட்டுச் சம்பவங்களில் மட்டுமே. ஆனால் குறுக்கிட்டபோது, பாதிக்கும் மேற்பட்ட சம்பவங்கள் பத்து விநாடிக்குள் நின்றுவிட்டன. சண்டை போட வேண்டியதில்லை. "விடுடா, போதும்" என்று ஒரு வார்த்தை. அல்லது "வா, நாம கேண்டீனுக்குப் போவோம்" என்று அந்த நண்பனை அழைத்துக்கொண்டு நகர்வது. அதுவும் முடியாவிட்டால், சிரிக்காமல் இருங்கள். சிரிப்பு இல்லாவிட்டால் பட்டப்பெயர் பிழைக்காது.

பெற்றோருக்கும் உறவினருக்கும் ஒரு சிறு சோதனை. கேலி செய்யும் முன் மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தப் பிள்ளை எனக்கு இதே அளவு கேலியைத் திருப்பித் தர முடியுமா? நான் கேலி செய்வது அது மாற்றிக்கொள்ள முடியாத ஒன்றையா? வேண்டாம் என்று அது சொன்னால் நான் நிறுத்துவேனா? திருப்பித் தர முடியாது, மாற்றிக்கொள்ள முடியாது, நிறுத்த மாட்டேன் என்ற பதில்களில் ஒன்று வந்தாலும் வாயை மூடிக்கொள்வது நல்லது. பிள்ளை வந்து முறையிட்டால் "கண்டுக்காதே" என்று அனுப்பிவிடாதீர்கள். நூறு முறை முயன்றுவிட்டு, முடியாமல்தான் அது உங்களிடம் வந்திருக்கும். முதலில் முழுவதையும் கேளுங்கள். பிறகு வகுப்பாசிரியரையோ ஆலோசக ஆசிரியரையோ பிள்ளைக்குத் தெரிந்தே சந்தியுங்கள்.

ஆசிரிய நண்பர்களே, நாம் நகைச்சுவையோடு பாடம் நடத்த வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நம்மையே கேலி செய்துகொள்ளலாம், நம் கோணல் கையெழுத்தைக் கேலி செய்யலாம். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் உடம்பு நம் நகைச்சுவைக்குக் கருப்பொருள் ஆகக் கூடாது. நான் இப்போது ஆண்டின் முதல் வாரத்தில் எல்லா மாணவர்களின் பெயரையும் மனப்பாடம் செய்கிறேன். வகுப்பில் யாராவது பட்டப்பெயரில் அழைத்தால், நான் அந்த மாணவரின் முழுப் பெயரைச் சொல்லி, "அவரைத்தானே கேட்டாய்?" என்று கேட்கிறேன். வேறு எதுவும் பேசுவதில்லை. இரண்டு மூன்று வாரத்தில் குறைந்துவிடுகிறது.

இதைப் படிக்கும் பெரியவர்களில், ஏதோ ஒரு பழைய பெயர் நினைவுக்கு வந்து பாதியில் நிறுத்தியவர்களும் இருப்பீர்கள். இருபது ஆண்டுகள் கழித்தும் அது வலிக்கிறது என்றால் உங்களிடம் குறை இருப்பதாக அர்த்தமில்லை. அந்த வயது மூளை கற்றுக்கொண்ட பாடம் அது. கற்றதை மாற்றிக் கற்கவும் மூளையால் முடியும். எண்ணங்களையும் பழக்கங்களையும் படிப்படியாக மாற்றும் உளவியல் சிகிச்சை, மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் பலன் தருவது நிரூபிக்கப்பட்ட ஒன்று. நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் பேசுங்கள். உடனடி உதவிக்குத் தாலியான் காசே 15999 என்ற எண்ணை அழைக்கலாம்.

அன்று திருமண மண்டபத்தில் அந்த இளைஞரிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க சார், சின்ன விசயம்" என்றார். சின்ன விசயம் இல்லை என்பது இருவருக்கும் தெரியும். பிறகு நான், "அன்னிக்கு நீ கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லலப்பா. இப்ப சொல்லட்டுமா?" என்றேன். மனிதக் கொழுப்பின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 0.9 கிராம். தண்ணீர் 1 கிராம். தசையோ தண்ணீரைவிடச் சற்று அடர்த்தி கூடியது. ஆகவே உடலில் கொழுப்பு கூடுதலாக உள்ளவர், எலும்பும் தோலுமாக இருக்கும் என்னைவிட எளிதாக மிதப்பார். அடர்த்திப் பாடத்தை அவன் அன்று வகுப்பில் எல்லாரையும்விட நன்றாகப் புரிந்துகொண்டிருந்தான். புரிந்ததைத் தன் உடம்பிலேயே பொருத்திப் பார்த்துக் கேட்டிருக்கிறான். ஓர் அறிவியல் ஆசிரியர் ஏங்கிக் காத்திருக்க வேண்டிய கேள்வி அது.

அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சார்" என்றார்.

சொல்லியிருக்கலாம். அதற்குப் பிறகு அவன் என் வகுப்பில் கை தூக்கியதாக எனக்கு நினைவில்லை. நாளைக் காலை நம் வகுப்பிலோ வீட்டிலோ ஒரு பிள்ளை ஏதாவது கேட்கும். முதலில் அதன் பெயரைச் சொல்லி அழைப்போம். பிறகு கேட்டதற்குப் பதில் சொல்வோம்.